அரைமூடித் தேங்காயை என்ன செய்வது?

நாகர்கோவிலுக்குப் படிக்க வந்து இது மூன்றாவது வருடம். முதல் வருடம் மெஸ். இரண்டாம் வருடத்திலிருந்து வடசேரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் இருக்கிறோம். ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு, கரண்ட் போனால் பற்றவைக்க 5 கிலோ சிலிண்டர் ஒன்று, முன்பு இருந்த சீனியர்கள் விட்டுப்போன மிக்ஸி, அதற்கு மூடி இல்லாத ஒரு ஜார். பிரிட்ஜ் கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போகிற எல்லாமே அந்தப் பிரிட்ஜ் இல்லாததால் கற்றுக்கொண்டதுதான்.

மெஸ்ஸை ஏன் விட்டோம் என்று எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முழுக்க அதுவே ஓடிவிடும், அதனால் வேண்டாம். ஒரு நாள் சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கிறதா என்று கரண்டியை விட்டுத் தேடியபோது முந்தின நாள் ரசத்தின் தக்காளித் தோல் வந்தது. போதும்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம், கரிசல் காடு. எங்கள் வீட்டில் சட்னிக்கும் விசேஷத்துக்கும்தான் தேங்காய் உடைப்பார்கள், மற்றபடி அது சாமி மாடத்தில் இருக்கும். இங்கே வந்தால் துவரன் என்கிற பொரியலுக்குத் தேங்காய், அவியலுக்குத் தேங்காய், எரிசேரி என்கிற கூட்டுக்கு அரைத்துப் போட்டது போதாதென்று மேலே வறுத்துத் தூவவும் தேங்காய், புட்டுக்கு இடையிடையே தேங்காய், மீன் குழம்புக்கு அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்த தேங்காய். கூட இருக்கும் இரண்டு பேரில் ஒருவன் தென்காசி, ஒருவன் ராமநாதபுரம். ராமநாதபுரத்துக்காரனுக்குக் கடல் பழக்கம், ஆனால் தேங்காய் பழக்கமில்லை. தென்காசிக்காரன் சைவம். ஆக மூன்று நாக்கும் மூன்று திசை.

சமைக்கக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். அது பொய். சோறு வைக்க, பருப்பு வேகவைக்க, தாளிக்க, ஒரு பொரியல் செய்ய ஒரு வாரம் போதும். இரண்டு தடவை அடிப்பிடிக்கும், ஒரு தடவை உப்பு இரண்டு முறை விழும், அவ்வளவுதான். கஷ்டம் எங்கே இருக்கிறது என்றால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு லேப் முடிந்து பசியோடு மாடி ஏறி வந்து கதவைத் திறக்கிறீர்களே, அந்த இடத்தில் இருக்கிறது. கூடையில் இரண்டு நசுங்கிய தக்காளி, முளைவிட்ட வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை ஆசையாய் வாங்கி இப்போது மஞ்சளாகிப்போன கீரைக்கட்டு, பூசணம் பிடித்த அரைமூடித் தேங்காய். மூன்று பேரும் அதை ஐந்து நிமிடம் பார்ப்போம். அப்புறம் யாராவது ஒருவன் "பரோட்டா?" என்பான்.

முதல் மாதக் கணக்கைப் பார்த்தபோது மளிகைக்கும் காய்க்கும் செலவழித்ததைவிடப் பரோட்டாக் கடைக்குக் கொடுத்தது அதிகம். இரண்டையும் கூட்டினால் மெஸ் கட்டணத்தைத் தாண்டிவிட்டது. சமைக்கத் தெரிந்தும் சமைக்காமல் காசு போனது, அதுதான் எரிச்சல்.

சரி, நாம் பொறியியல் படிக்கிறோமே, திட்டம் போட்டுவிடலாம் என்று நான் லேப்டாப்பில் ஒரு அட்டவணை போட்டேன். ஏழு நாள், மூன்று வேளை, 21 கட்டம். திங்கள் காலை இட்லி சாம்பார், இரவு சப்பாத்தி குருமா, செவ்வாய் இப்படி, புதன் அப்படி என்று கலர் எல்லாம் அடித்து, பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். அது புதன்கிழமை மதியம் வரை உயிரோடு இருந்தது. திங்கள் சாம்பார் மிஞ்சிவிட்டது, ஆனால் செவ்வாய்க் கட்டத்தில் சாம்பாருக்கு இடமில்லை. செவ்வாய்க்கு எழுதியிருந்த வெண்டைக்காய் அன்றைக்குக் கையைச் சுடும் விலை. புதன்கிழமை மழையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது, பின்பக்கத்தில்தான் பால் கணக்கு எழுதுகிறோம்.

இப்போது யோசித்தால் அந்த அட்டவணையின் தப்பு புரிகிறது. நமக்கு என்ன சாப்பிட ஆசை என்பதை வைத்து அதைப் போட்டிருந்தேன். எது எப்போது கெட்டுப்போகும் என்ற விவரம் அதில் ஒரு கட்டத்தில்கூட இல்லை.

அதைச் சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டு ஆச்சி. வீட்டுக்காரர்களின் அம்மா, எழுபதைத் தாண்டியவர், பகலெல்லாம் திண்ணையில் இருப்பார். ஒரு நாள் காலையில் நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு முழுத் தேங்காயின் இரண்டு மூடியையும் துருவிக்கொண்டிருந்தேன். இங்கே திருவுவது என்பார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏன் மக்கா, மூணு பேருக்கு எதுக்கு ரெண்டு மூடி?"

வைத்தால் கெட்டுப்போகுதே ஆச்சி, அதனால் இரண்டையும் இன்றைக்கே அரைத்துவிடலாம் என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு மூடிய அரைச்சா மறு மூடிய வறுக்கணும். அம்ம சொல்லித் தரல்லியா?"

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் சமையல் திருந்தியது. விளக்கமாகச் சொல்கிறேன். பச்சைத் தேங்காய் அரைத்த குழம்பு சித்திரை வைகாசி வெயிலில் காலையில் வைத்தால் சாயங்காலம் நுரைக்கும். ஆனால் அதே தேங்காயைத் துருவி, வெறும் சட்டியில் இளம் தீயில் ஈரம் முழுக்கப் போகும்வரை வறுத்துவிட்டால் அது வேறு பொருள். நான்கைந்து உள்ளி (இங்கே உள்ளி என்றால் சின்ன வெங்காயம்), ஒரு கொத்து கறிவேப்பிலை சேர்த்துக் கை விடாமல் கிளறவேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பொன்னிறம். அங்கே நிறுத்தத் தோன்றும், நிறுத்தக்கூடாது. காப்பிக்கொட்டை நிறம் வரவேண்டும், அதற்கு அடுத்த நிமிடம் கரிந்துவிடும், எனவே அந்த நேரத்தில் போனைத் தொடாதீர்கள். கடைசியில் இரண்டு கரண்டி மல்லி, ஐந்தாறு வற்றல் மிளகாய், கொஞ்சம் மிளகு. ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் சுற்றினால் தேங்காயின் எண்ணெயிலேயே கறுப்பாய்த் திரண்டு வரும். ஈரமில்லாத பாட்டிலில் அடைத்துவைத்தால் ஐந்து நாள் ஒன்றும் ஆகாது. ஆறாவது நாளைப் பற்றித் தெரியாது, அதுவரை எங்கள் அறையில் மிஞ்சியதில்லை.

இதுதான் தீயல் என்கிற புளிக்குழம்பு வைக்கிற மசாலா. செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு வந்து, இரண்டு கைப்பிடி உள்ளியை உரித்து வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போனதும் பாட்டிலில் இருந்து மூன்று கரண்டி எடுத்துப் போட்டு எண்ணெய் பிரியும்வரை விட்டால் உள்ளித் தீயல். உள்ளிக்குப் பதில் பாகற்காய், கத்தரிக்காய், சேனை எது கிடந்தாலும் தீயல்தான். புளியும் வறுத்த தேங்காயும் சேர்வதால் மறுநாள் காலை கொதிக்கவைத்தால் இன்னொரு வேளைக்கும் வரும், சொல்லப்போனால் மறுநாள்தான் நன்றாக இருக்கும். முக்கால் மணி நேர வேலையை ஞாயிற்றுக்கிழமையே செய்து பாட்டிலில் போட்டுவிட்டதால் செவ்வாய்க்கிழமைக்கு இருபத்தைந்து நிமிடம்தான் மிச்சம், அதுவும் பாதி நேரம் உள்ளி உரிக்க.

ஆச்சி இன்னொன்றும் சொன்னார். கண் இருக்கிற மூடியை முதலில் எடு, அது சீக்கிரம் போய்விடும், கண் இல்லாத மூடியில் உப்புத் தடவிக் கவிழ்த்து வை. அன்று முதல் எங்கள் அறையில் உடைக்கிற தேங்காய்க்கு ஒரு ஜாதகம் உண்டு: கண் மூடி காலையில் துவரனுக்கோ சம்மந்திக்கோ (கெட்டிச் சட்னி), மறு மூடி இரவு வறுக்க.

இதே கணக்கைக் காய்க்கும் போட்டோம். ஞாயிறு காலை வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போவோம். வாங்கும்போதே எது முதலில் சாகும் என்று வரிசை மனதில் ஓடவேண்டும். கீரை வாங்கினால் அன்றைக்கே அல்லது மறுநாள் காலை. பிறகு தக்காளி, வெண்டை. வியாழன் வெள்ளிக்குப் பயறு (பயற்றங்காய்), கத்தரி. தடியங்காய் (வெள்ளைப் பூசணி), சேனை, வாழைக்காய் எல்லாம் பொறுமைசாலிகள், மூலையில் கிடந்தால் கிடக்கும். ஆனால் தடியங்காயைக் கீற்றாய் வெட்டி வாங்கினால் அந்தப் பொறுமை போய்விடும், அது கீரையோடு சேர்ந்துவிடும். மளிகைக்கு மாதம் ஒருமுறை கோட்டாறு கம்போளம் (மளிகைச் சந்தை). பருப்பு, மல்லி, வற்றல், புளி எல்லாம் அங்கே மொத்தமாக எடுப்பதில் நல்ல வித்தியாசம் தெரிகிறது.

சனிக்கிழமை கூடையில் என்ன இருக்கும் தெரியுமா? ஒரு கேரட், பாதி கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், வாழைக்காய் ஒன்று, நாலு பயறு. இதைத்தான் இந்த ஊர்க்காரர்கள் ஒரே அளவில் நீளமாய் நறுக்கி, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஒன்றிரண்டாய் அரைத்துப் போட்டு, இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் விட்டு அவியல் என்று கல்யாணத்தில் பரிமாறுகிறார்கள். யார் கண்டுபிடித்தார்களோ, அவர் வீட்டிலும் சனிக்கிழமையாகத்தான் இருந்திருக்கும்.

சோற்றுக்கு வருகிறேன். சம்பா அரிசி வாங்கிப் பழகிவிட்டோம். சிவப்பாய், பருமனாய், முதலில் தொண்டையில் நிற்கிற மாதிரி இருந்தது, இப்போது ஊருக்குப் போனால் பொன்னி வெறும் வயிறாய்த் தோன்றுகிறது. ஆனால் வேக நேரமாகும். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், வீட்டுக்கார அண்ணாச்சி மீட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அதனால் இரவே ஊறப்போட்டு, காலையில் கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் அணைத்து, இறுக மூடிவைத்து, குளித்து வந்து இன்னொரு கொதி. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்க ராமநாதபுரத்துக்காரன் டம்ளரோடு நிற்பான்.

ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு ஆழாக்கு அரிசி என்பது எங்கள் அளவு. ஆரம்பத்தில் கண்ணளவாய்ப் போட்டு ஆறு பேர் சோறு வைத்தோம். மிஞ்சிய சோற்றை அப்படியே மூடிவைத்துச் சாயங்காலம் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டதும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் அரிசி கொதிக்கும் சூட்டிலும் சாவதில்லை, சோறு வெதுவெதுப்பாய்க் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. எனவே இப்போது மிஞ்சினால் ஆறவைத்து உடனே தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். இரவு முழுக்க லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துப் பார்த்துக்கொள்ளும். காலையில் பழஞ்சி. கடிக்க உள்ளியும், பாட்டிலில் இருக்கும் தீயல் மசாலாவில் ஒரு கரண்டியும். எட்டு மணி வகுப்புக்கு இதைவிட வேகமான காலைச் சாப்பாடு கிடையாது.

மீன் கதை தனி. முட்டமும் குளச்சலும் இவ்வளவு பக்கத்தில் இருக்க மீன் சாப்பிடாமல் இருப்பது பாவம் என்று நானும் ராமநாதபுரத்துக்காரனும் முடிவு செய்திருந்தோம். தென்காசிக்காரனுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, அந்த ஒப்பந்தம் இதுவரை மீறப்படவில்லை. சாளை (மத்தி), நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி), இவை மூன்றும் எங்கள் பட்ஜெட். கூறு வைத்து விற்பார்கள், பேரம் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரோட்டோரத்தில் அயிலை பாதி விலைக்குக் கிடைத்தது. ஐஸ் இல்லை. காலையிலிருந்து வெயிலில் இருந்திருக்கும் என்று தோன்றியும், பாதி விலை என்ற சொல் காதை அடைத்துவிட்டது. நன்றாகப் பொரித்துத்தான் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து காது சூடாகி உடம்பெல்லாம் தடிப்பு. ராமநாதபுரத்துக்காரன் அன்று ஊருக்குப் போயிருந்ததால் தப்பித்தான். டாக்டர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சூரையா, அயிலையா?"

சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை, இப்படித் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. அலர்ஜி என்று நினைத்துப் பலர் மீனையே விட்டுவிடுவார்களாம், உண்மையில் குற்றம் மீனில் இல்லை, வெயிலில். அதற்கப்புறம் எங்கள் திட்டத்தில் மீனுக்கு ஒரே விதி: காலையில், அதுவும் வகுப்பு இல்லாத நாளில் வாங்குவது, வாங்கிய ஒரு மணி நேரத்தில் சட்டியில் இருப்பது. பச்சைத் தேங்காய் அரைத்து மாங்காய் போட்ட குழம்பு என்றால் மதியமே முடித்துவிடவேண்டும். இரண்டு வேளைக்கு வேண்டுமென்றால் வறுத்த தேங்காய், கூடுதல் புளி.

ஜூன் வந்தால் இந்தத் திட்டமும் மாறும். மேற்குக் கடல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, குஞ்சு பொரிக்கும் காலம். கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்துக்கு அது ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம், இரண்டு மழைக்காலம். வள்ளங்கள் (சின்ன நாட்டுப்படகுகள்) போகும், ஆனால் மீன் விலை எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காது. அந்த இரண்டு மாதம் முட்டை, கருவாடு, சிறுபயறு போட்ட கஞ்சி, அப்புறம் மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி). கிழங்கைத் துண்டு போட்டு நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். அதில் இயற்கையாகவே சயனைடைத் தரும் பொருள்கள் உண்டு, தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைப்பது வேண்டாம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கப்படுத்தினார் என்பது இங்கே பலரும் சொல்லும் செய்தி. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டமே திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததுதானே, ராஜா போனாலும் கிழங்கு தங்கிவிட்டது. மழை பெய்யும்போது சூடான கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் சாப்பிட்டவர்களுக்கு மீன் இல்லாத குறை பெரிதாய்த் தெரியாது. ராமநாதபுரத்துக்காரன் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டான்.

பணக் கணக்கு எளிமையானது. மாதம் பிறந்ததும் ஆளுக்கு 2,000 ரூபாய் ஒரு டப்பாவில். அதில் 500-ஐ எடுத்துத் தனியாய் மடித்து வைத்துவிடுவோம், அது 25-ஆம் தேதிக்கு மேல் வரும் பஞ்சத்துக்கு. பரோட்டாவை முழுக்க விட்டுவிடவில்லை, மாதம் இரண்டு தடவை என்று டப்பாவிலேயே பங்கு ஒதுக்கிவிட்டோம். முன்பு தோற்றுப்போய்ப் போனோம், இப்போது கிளம்பிப் போகிறோம். ஓணத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அன்று ஆச்சி வீட்டிலிருந்து பாயசம் முதல் எரிசேரி வரை மேலே வரும், அந்த நாளுக்கும் திட்டம் தேவையில்லை.

இரவில் படுக்கும் முன் ஒருவன் விளக்கை அணைக்கப் போகும்போது "நாளைக்கு எது கெடும்?" என்று கேட்பான். அதற்குப் பதில்தான் மறுநாள் சமையல். சில நாள் பதில் பால், சில நாள் புளித்துக்கொண்டிருக்கும் தோசை மாவு. கடலை ஊறப்போடவேண்டுமென்றால் அப்போதே போடுவோம், காலையில் நினைத்து ஊறவைத்த கடலை யாருக்கும் வெந்ததில்லை.

இத்தனையும் பிடிபட்ட எங்களுக்குப் பாத்திரம் கழுவுவதற்கு மட்டும் ஒரு வழியும் பிடிபடவில்லை. முறை வைத்துப் பார்த்தோம், சமைத்தவன் கழுவவேண்டாம் என்று பார்த்தோம், அவரவர் தட்டு அவரவருக்கு என்று பார்த்தோம், அப்போது குக்கர் யாருடையது என்று சண்டை வந்தது. இதை எழுதும்போதுகூடத் தொட்டியில் மூன்று தட்டும் தீயல் வறண்டு ஒட்டிய சட்டியும் கிடக்கின்றன. இன்று தென்காசிக்காரன் முறை. அவன் நாளைக்குப் பரீட்சை என்று போர்வைக்குள் புத்தகத்தோடு படுத்திருக்கிறான். பரீட்சை வியாழக்கிழமை.